பச்சை விளக்கு எரியும் மூன்று விநாடி

கோவையிலும் திருப்பூரிலும் ஈரோட்டிலும் இன்று 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பழகும் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் ஓரிரு ஆண்டுகளில் 25 மீட்டர் போட்டிக்கான பாயின்ட் 22 பிஸ்டலைக் கையில் எடுக்கிறார்கள். அப்போது அவர்களைத் திணற வைப்பது வெடியோசையும் அன்று, கையில் ஏறும் உதைப்பும் அன்று, நேரம்தான். ஏர் பிஸ்டலில் 60 பெல்லட்டுகளைச் சுட 75 நிமிடம் தருகிறார்கள், அதாவது ஒன்றுக்குச் சராசரியாக 75 விநாடி. 25 மீட்டர் பிஸ்டல் போட்டியின் இரண்டாம் பகுதியிலோ ஒரு தோட்டாவுக்குக் கிடைப்பது மூன்றே விநாடி. இந்தப் பகுதியில் மதிப்பெண்ணைத் தீர்மானிப்பது விசையை (டிரிகரை) இழுக்கும் வேகம் அன்று, கை கீழிருந்து மேலே வரும் விதம்தான் என்பது துப்பாக்கி சுடும் ரேஞ்சில் பழகப் பழக என் மனத்தில் உறுதிப்பட்டிருக்கிறது. அதைத்தான் இங்கே விரிவாக எழுத விரும்புகிறேன்.

போட்டியை அறியாதவர்களுக்காக அதன் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். பெண்களுக்கான 25 மீட்டர் பிஸ்டல் 1984 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கிலிருந்து நடந்து வருகிறது. தகுதிச் சுற்றில் மொத்தம் 60 தோட்டாக்கள். முதல் 30 தோட்டாக்களை நிதானமாகச் சுடலாம். ஐந்து தோட்டா கொண்ட ஒவ்வொரு சீரீஸுக்கும் ஐந்து நிமிடம் உண்டு. அடுத்த 30 தோட்டாக்கள்தான் ரேப்பிட், அதாவது விரைவுப் பகுதி. இதில் சுடுபவர் கையைச் செங்குத்துக் கோட்டிலிருந்து 45 பாகைக்கு மிகாமல் தாழ்த்திக்கொண்டு நிற்க வேண்டும். சிவப்பு விளக்கு ஏழு விநாடி எரியும். அது அணைந்து பச்சை விளக்கு மூன்று விநாடி எரியும். அந்த மூன்று விநாடிக்குள் கையை உயர்த்தி ஒரே ஒரு தோட்டாவைச் சுட்டுவிட்டு மீண்டும் கையைத் தாழ்த்த வேண்டும். இப்படி ஐந்து முறை வந்தால் ஒரு சீரீஸ் முடியும். பிஸ்டலை ஒரே கையால்தான் பிடிக்க வேண்டும். குறிபார்க்க, லென்ஸோ லேசரோ இல்லாத திறந்த சைட்தான் இருக்க வேண்டும். விசை குறைந்தது 1000 கிராம் எடையைத் தாங்க வேண்டும். ஆண்கள் சுடும் சென்டர் ஃபயர் பிஸ்டலிலும் இதே முறைதான். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் விஜய் குமார் வெள்ளி வென்ற ரேப்பிட் ஃபயர் பிஸ்டல் இதிலிருந்து வேறுபட்டது. ஐந்து இலக்குகளை எட்டு, ஆறு, நான்கு விநாடிகளில் சுடும் அந்தப் போட்டி தனியாக எழுத வேண்டிய பொருள்.

மூன்று விநாடி எவ்வாறு செலவாகிறது என்பதைப் பார்த்தால் என் கருத்து விளங்கும். பச்சை விளக்கைக் கண்டு உடல் அசையத் தொடங்குவதற்கே ஏறத்தாழ கால் விநாடி போய்விடும். அதைப் பெரிதாகக் குறைக்க முடியாது. கை இலக்கின் மட்டத்துக்கு வந்து சேர இன்னும் ஒரு விநாடிக்குச் சற்றுக் கூடுதலாகும். எஞ்சியிருப்பது ஒன்றரை விநாடி. கை வந்து நின்ற பிறகு சைட்டைத் தேடி, பிறகு அதை நேராக்கி, பிறகு விசையில் விரலை வைத்து அழுத்தத் தொடங்கினால் அந்த ஒன்றரை விநாடி எதற்கும் போதாது. விளக்கு அணையப் போகிறதே என்ற பதற்றத்தில் விரல் வெடுக்கென்று இழுத்துவிடும், பிஸ்டலின் முனை கீழே சாயும். ஆனால் கை உயரும்போதே சைட் நேராக இருந்து, விசையின் முதல் பாதி எடையை விரல் ஏற்கெனவே வாங்கியிருந்தால், அதே ஒன்றரை விநாடி தாராளமாக இருக்கும். எங்கள் பயிற்சியாளர், ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற கோபிப் பக்கத்துக்காரர், இதை அவருடைய பேச்சிலேயே சொல்வார்: “அம்மணி, கை மேல வந்து நின்னதுக்கப்பறம் வெரலுக்கு வேலை குடுத்தீங்கன்னா நேரம் பத்தாதுங்க. கை கெளம்பறப்பவே வெரலும் கெளம்போணுமுங்க.”

சைட் நேராக இருப்பதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறார்கள் என்பதற்கு ஒரு சிறு கணக்குப் போதும். முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையிலுள்ள தூரம் ஏறத்தாழ 22 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பின் சைட்டின் பள்ளத்துக்குள் முன் சைட் ஒரு மில்லிமீட்டர் ஒருபுறம் ஒதுங்கினால், 25 மீட்டருக்கு அப்பால் தோட்டா ஏறத்தாழ 11 சென்டிமீட்டர் விலகிப் படும். ரேப்பிட் இலக்கில் பத்தாம் வளையத்தின் விட்டம் 10 சென்டிமீட்டர், ஒன்பதாம் வளையத்தின் விட்டம் 18 சென்டிமீட்டர். ஆகவே நடுவில் பட வேண்டிய தோட்டா அந்த ஒரு மில்லிமீட்டரால் எட்டுக்குப் போய்விடும். மாறாக, சைட் சற்றும் கோணாமல் கை முழுவதும் இரண்டு சென்டிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்திருந்தால், தோட்டாவும் அதே இரண்டு சென்டிமீட்டர்தான் விலகும். அது பத்துக்குள்ளேயே இருக்கும். கை ஆடுவதைப் பற்றிக் கவலைப்படுபவர்களுக்கு இந்தக் கணக்கை நான் எப்போதும் சொல்வதுண்டு. கை ஆடத்தான் செய்யும், ஆடலாம். மணிக்கட்டு மடங்கக் கூடாது. அதனால் தாழ்த்திய நிலையிலேயே மணிக்கட்டைப் பூட்டி, தோளை மட்டும் கீலாகக் கொண்டு கை முழுவதையும் ஒரே துண்டாக உயர்த்த வேண்டும். தலை அசையக் கூடாது. பிஸ்டல்தான் கண்ணை நோக்கி வர வேண்டும். உயர்த்தும் வேகமும் ஒரே சீராக இருக்க வேண்டியதில்லை. முதல் பாதி விரைவாகவும், இலக்கின் கரும்பகுதிக்குள் நுழையும் கடைசிப் பகுதி மெதுவாகவும் இருந்தால், கை மையத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி இறங்க நேராது.

இந்த உயர்த்தலைப் பழகத் தோட்டா தேவையில்லை என்பது நம்மைப் போன்றவர்களுக்குப் பெரிய வசதி. பாயின்ட் 22 போட்டித் தோட்டாக்கள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்தே வருகின்றன. விலை அதிகம், கிடைப்பதும் அளவோடுதான். 1959 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி அந்தப் பிஸ்டலுக்கு உரிமம் வேண்டும் என்பதால் நான் சுடுவது கிளப்பின் பிஸ்டல். அது ரேஞ்சை விட்டு வெளியே வராது. வீட்டில் பழகுவதற்கு 4.5 மில்லிமீட்டர் ஏர் பிஸ்டல் இருக்கிறது. 20 ஜூல் ஆற்றலுக்கு உட்பட்ட அந்த வகைக்கு உரிமம் தேவையில்லை. அதன் விசை 500 கிராம் அளவில் இலகுவானது. ஆகவே வீட்டுப் பயிற்சி கை உயர்த்தவும் சைட்டைப் பார்க்கவும் பயன்படுமே தவிர, ஒரு கிலோ விசையை விரலுக்குக் கற்றுத்தராது. அதை ரேஞ்சில்தான் கற்க வேண்டும். அங்கும் வெறும் பிஸ்டலில் விசையை அழுத்திப் பழகும்போது பிஸ்டலின் தோட்டா அறைக்குள் பிளாஸ்டிக் போலித் தோட்டா ஒன்றை வைத்துக்கொள்வது நல்லது. பாயின்ட் 22 தோட்டாவின் விளிம்பில்தான் ஊசி அடிக்கும். தோட்டா இல்லாதபோது அது அறையின் ஓரத்து இரும்பிலேயே பட்டு இரண்டையும் கெடுக்கக்கூடும்.

வீட்டில் விளக்குக்கு என்ன செய்வது என்ற கேள்விக்குக் கோவை கணபதியில் மோட்டார் கன்ட்ரோல் பேனல் செய்யும் என் சித்தப்பா மகன் விடை கண்டுபிடித்தான். தண்ணீர் குறைவாக ஊறும் போர்வெல்களில் மோட்டாரைச் சிறிது நேரம் ஓட்டிச் சிறிது நேரம் நிறுத்தி வைக்கப் பொருத்துகிறார்களே, அந்தச் சைக்ளிக் டைமரை எடுத்து, ஒரு பக்கத்தை ஏழு விநாடிக்கும் மறுபக்கத்தை மூன்று விநாடிக்கும் திருப்பி வைத்து, பேனலில் போடும் சிவப்பு, பச்சை விளக்குகளை அதோடு இணைத்துக் கொடுத்தான். ஐந்து மீட்டர் தூரத்தில் சுவரில் 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள கரும்வட்டத்தை ஒட்டினால், 25 மீட்டரில் தெரியும் 50 சென்டிமீட்டர் கரும்பகுதியின் அளவிலேயே அது கண்ணுக்குத் தெரியும். பத்தாம் வளையம் அதில் இரண்டு சென்டிமீட்டர். பயிற்சிக்கு இது முழுக்கப் போதுமானது. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: டைமருக்குள் இருக்கும் ரிலே மாறும்போது ‘டிக்’ என்று ஓசை எழும். ஒளியைவிட ஓசைக்கு உடல் விரைவாக அசைந்துகொடுக்கும் என்பதால், பழகப் பழகக் கண் விளக்கை விட்டுவிடும், காது அந்த டிக் ஓசைக்குக் காத்திருக்கத் தொடங்கும். போட்டியில் அந்த ஓசை இருக்காது. எங்கள் ஊர் சோமனூருக்குப் பக்கம். பக்கத்துக் கொட்டகையில் விசைத்தறிகள் ஓடும் நேரத்தில் பழகினால் ரிலேயின் ஓசை காதில் விழாது. தறிச் சத்தம் இல்லாத ஊர்க்காரர்கள் டைமர் பெட்டியை அடுத்த அறையில் வைத்து, விளக்குகளுக்கு மட்டும் ஒயரை நீட்டிக்கொள்ளலாம்.

ரேஞ்சுக்கு வந்த பிறகு நான் கடைப்பிடிக்கும் முறை எளியது. முதலில் கண்ணை மூடிக்கொண்டு கையை உயர்த்தி, பிறகு திறந்து பார்ப்பேன். சைட் இலக்குக்கு இடப்பக்கமோ வலப்பக்கமோ நின்றால் கையை நகர்த்திச் சரிசெய்யாமல் கால்களை நகர்த்துவேன். கையால் சரிசெய்தால் மூன்று விநாடியின் ஒரு பகுதி ஒவ்வொரு முறையும் அதற்கே போகும். அடுத்து, இலக்குத் தாளைத் திருப்பி வெள்ளைப் பக்கத்தில் சுடுவேன். வளையமே இல்லாத வெற்றுத் தாளில் சுடும்போது கண் முன் சைட்டை விட்டு ஓடுவதற்குக் காரணமே இருக்காது. உண்மையில், நேரம் வைத்துச் சுடுவதற்கான பயிற்சிகளுள் எனக்குத் தெரிந்தவரை மிகுந்த பலன் தருவது இந்த வெற்றுத் தாள்தான். அதன் பிறகே உண்மையான இலக்கும் முழு சீரீஸும். சுட்ட பின்பும் பச்சை அணையும் வரை கையை இறக்காமல் சைட்டைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். விசையை அழுத்திய கணத்தில் சைட் எங்கே இருந்தது என்பதை அப்போதுதான் சொல்ல முடியும். ஏழு விநாடிச் சிவப்பில் செய்ய வேண்டியவை ஒரு முழு மூச்சு, கண்ணுக்குச் சிறிது ஓய்வு, மணிக்கட்டை மீண்டும் பூட்டுவது, அவ்வளவே. முந்தைய தோட்டா எங்கே பட்டது என்ற ஆராய்ச்சியை நான் சீரீஸ் முடியும் வரை தள்ளிவைத்துவிடுகிறேன்.

கொங்கு நாட்டில் பழகுபவர்களுக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகளைச் சுழற்றுவதோடு நிற்பதில்லை. திறந்தவெளி ரேஞ்சில் நீட்டிய கையையும் பிடித்துத் தள்ளுகிறது. 25 மீட்டர் தூரத்தில் தோட்டாவைக் காற்று நகர்த்துவது மிகக் குறைவு, கையை நகர்த்துவதுதான் அதிகம். நிதானப் பகுதியில் கையை இறக்கி வைத்து, காற்று ஓய்ந்த பிறகு சுடலாம். ஐந்து நிமிடம் இருக்கிறது. ரேப்பிட் பகுதியில் அந்த வசதி கிடையாது, பச்சை எரிந்தால் சுட்டே ஆக வேண்டும். இந்த மாதங்களில் காற்றடிக்கிறது என்று ரேஞ்சுக்கு வராமல் இருப்பவர்களை நான் அறிவேன். அவர்களிடம் என் வேண்டுகோள், இந்த மாதங்களில்தான் அவசியம் வர வேண்டும் என்பது. கை அசைந்துகொண்டிருக்கும்போதும் விசையை ஒரே சீராக அழுத்தும் துணிவு அடங்கிய காற்றில் வராது.

மூன்று விநாடிக்குப் பதிலாக இரண்டரை விநாடி வைத்துப் பழகினால் போட்டியில் நேரம் மிஞ்சும் என்று சிலர் சொல்கிறார்கள். தேர்ந்தவர்களுக்கு அது பொருந்தலாம். தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கு அது தீங்கு என்றே நான் எண்ணுகிறேன், ஏனெனில் அவர்கள் கற்றுக்கொள்ள வேண்டியது மூன்று விநாடியை முழுவதும் பயன்படுத்துவதை. குறுகிய நேரம் அவர்களுக்கு விரலை வெடுக்கென்று இழுக்கத்தான் கற்றுத்தரும். 2024 பாரிஸ் ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் மனு பாக்கர் நிதானப் பகுதியில் 294 புள்ளியும் ரேப்பிட் பகுதியில் 296 புள்ளியும் எடுத்தார். ரேப்பிட் இலக்கின் வளையங்கள் பெரியவை என்பதால் இரண்டையும் அப்படியே ஒப்பிட முடியாது. ஆயினும் 300க்கு 296 என்பது மூன்று விநாடி போதாத ஒருவர் எடுக்கும் மதிப்பெண் அன்று. அதே போட்டியின் இறுதிச் சுற்றில் அவர் ஹங்கேரியின் வெரோனிகா மேஜருடன் சமநிலையை முறிக்கும் ஷூட்-ஆஃப் வரை சென்று நான்காம் இடம் பெற்றார். இறுதிச் சுற்று முழுவதுமே ரேப்பிட்தான் என்பதையும், அதில் வளையங்களைத் தசமமாகப் பிரித்த கணக்கில் 10.2 அல்லது அதற்கு மேல் பட்டால் மட்டுமே ஒரு புள்ளி, இல்லாவிட்டால் சுழியம் என்பதையும் இளையவர்கள் அறிந்துகொள்வது நல்லது.

அதனால் என் குறிப்பேட்டின் முறையை இப்போது மாற்றியிருக்கிறேன். முன்பெல்லாம் சீரீஸின் கூட்டுத்தொகையை எழுதுவேன். இப்போது ஒவ்வொரு தோட்டாவுக்கும் எதிரே மூன்று விவரங்களை மட்டும் எழுதுகிறேன்: கை உயரும்போது சைட் நேராக இருந்ததா, விசையின் முதல் பாதி எப்போது வாங்கப்பட்டது, சுட்ட கணத்தில் சைட் எங்கே நின்றது. மதிப்பெண்ணைப் பயிற்சியாளர் தம் தாளில் எழுதிக்கொள்கிறார். மாத முடிவில் இருவரும் உட்கார்ந்து இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்க்கிறோம். எட்டுகளுக்கு எதிரே பெரும்பாலும் முதல் விவரத்துக்கான கட்டத்தில்தான் ‘இல்லை’ என்று எழுதியிருக்கிறது.