கரண்ட், தண்ணீர், திமிங்கலம்

ஜூன் 9

திமிங்கலம் பார்க்கக் கிளம்பிய அக்கா ஆண்டனெஸ் போய்ச் சேர்ந்துவிட்டாளாம். நார்வேயின் வடக்கே, துருவ வட்டத்துக்கும் மேலே ஒரு தீவில் இருக்கிற ஊர். ராத்திரி பதினொன்றரைக்கு வெயில் என்று ஜன்னலைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறாள். இங்கே அப்போது விடிகாலை மூன்று. முழித்துத்தான் இருந்தேன். அப்பாவுக்கு ஆக்சிஜன் அளவு 91.

ஜூன் 10

அங்கே காற்று அதிகமாம், படகு கிளம்பவில்லை. இங்கே வேப்பமரத்தில் ஓர் இலை அசையவில்லை.

ஜூன் 11

மதியம் கரண்ட் போனது. அப்பாவின் ஆக்சிஜன் மிஷின் கீச்சென்று ஒரு சத்தம் போட்டுவிட்டு நின்றது. இன்வெர்ட்டர் பேட்டரி பழசு, கால் மணி நேரம் தாங்கினால் அதிகம். அப்புறம் சிலிண்டர்தான். அதன் சாவியைக் கட்டிலுக்கடியில் தேடி எடுப்பதற்குள் விரல் மிஷினில் 86. அம்மா பனைவிசிறியால் வீசிக்கொண்டே இருந்தாள், அதனால் ஒன்றும் ஆகாது என்று தெரிந்தும். அப்பா பேசவில்லை, பதறாதே என்று கையை மட்டும் ஆட்டினார். மூன்று வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்குகிறவர் வார்த்தையைச் செலவழிப்பாரா? ஐந்து மணிக்குக் கரண்ட் வந்தது. அந்த மிஷினின் உறுமல் இவ்வளவு நிம்மதியாக இருக்கும் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

பீடிதான் காரணம் என்கிறார் டாக்டர். ரைஸ்மில் தவிட்டுத் தூசி என்கிறார் அப்பா. அம்மா இரண்டு பேரையும் நம்புவதில்லை.

ஜூன் 12

மேட்டூர் திறந்தாச்சு. டீக்கடையில் ஆளுக்கொரு கணக்கு. கல்லணைக்கு என்றைக்கு வரும், வெண்ணாற்றில் எவ்வளவு விடுவார்கள், கடைமடைக்கு என்ன மிஞ்சும். தூர்வாரியதாகச் சொன்ன வாய்க்காலில் ஆகாயத்தாமரை அப்படியேதான் கிடக்கிறது. நாற்றங்காலுக்கு போர் தண்ணீர் ஓடுகிறது, அதுவும் கரண்டை நம்பித்தான்.

கோடிவீட்டுச் சித்தப்பா ரகசியமாகக் கேட்டார்: “உங்க அக்கா வரும்போது அம்பர் கொண்டுவர முடியுமா? கிலோ கோடிக்குப் போகுதாமே?” அது திமிங்கலத்தின் குடலில் உருவாவது, நம் நாட்டில் வைத்திருந்தாலே வனத்துறை கேஸ் என்றேன். “அங்கேதானே எடுக்கப்போறா?” என்கிறார்.

ஜூன் 13

பார்த்துவிட்டாள்!

நீளமான வாய்ஸ், பாதிக்குமேல் காற்றிரைச்சல். உடம்பு முழுக்க மூடுகிற தடித்த உடுப்பு கொடுத்தார்களாம். வாந்திக்கு மாத்திரையும். அத்தான் மாத்திரை வேண்டாமென்று வீரம் பேசிவிட்டு, போகிற வழியெல்லாம் கம்பியைப் பிடித்தபடி வாந்தி. (இந்த இடத்தை மட்டும் திரும்பப் போட்டுக் கேட்டேன்.)

கரைக்குப் பக்கத்திலேயே கடலடியில் பெரும் பள்ளம், ஆயிரம் மீட்டருக்குமேல் ஆழம். அதில் கணவாய் தேடித்தான் ஸ்பெர்ம் திமிங்கலங்கள் வருகின்றன. அத்தனையும் ஆண். பெண்களும் குட்டிகளும் வெதுவெதுப்பான கடலோடு நின்றுவிடும். கைடு பெண் ஒரு மைக்கைத் தண்ணீருக்குள் இறக்கிக் காதில் மாட்டிக்கொள்கிறாள். இரை தேடும்போது டக் டக்கென்று திமிங்கலம் விடாமல் தட்டிக்கொண்டே இருக்குமாம். அந்தத் தட்டல் நின்றால் மேலே வருகிறது என்று கணக்கு.

“சத்தம் நின்னுடுச்சுன்னு கையத் தூக்கினாடா தம்பி, எனக்கு வயித்தக் கலக்கிடுச்சு.”

எனக்கும்தான்.

முதலில் தெரிந்தது மூச்சு. நேரே மேலே போகாமல் முன்னால் இடப்பக்கமாகச் சாய்ந்து பீச்சியது. மூக்குத்துளை ஒன்றுதான், தலையின் முன்நுனியில் இடது பக்கம். தூரத்திலிருந்தே அதை வைத்து இன்ன திமிங்கலம் என்று சொல்லிவிடுவார்களாம். பத்து நிமிடம்போல மிதந்தபடி மூச்சு வாங்கிக்கொண்டே இருந்துவிட்டு, வாலைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டது. மேலே வந்த வேலையே மூச்சு வாங்கத்தான். வேடிக்கை பார்க்க வந்தவர்களை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அக்கா அழுதிருக்கிறாள், குரலில் தெரிகிறது.

ஜூன் 14

அப்பா அந்த வாய்ஸை மறுபடி போடச் சொன்னார்.

ஜூன் 16

92! ஒரு இட்லி கூடவே சாப்பிட்டார். சாயந்திரம் கேட்டார்: “எவ்ளோ நேரம்... உள்ள இருக்கும்?”

முக்கால் மணி நேரம்வரை சாதாரணமாம், ஒரு மணியைத் தாண்டுவதும் உண்டு என்றேன். நெஞ்சில் காற்றை அடைத்துக்கொண்டு போவதில்லை. ஆழத்தில் நுரையீரல் சுருங்கிவிடும். ஆக்சிஜன் சேமிப்பு பெரும்பாலும் ரத்தத்திலும் தசையிலும். ஒரே மூச்சில் நுரையீரலில் இருக்கிற காற்றில் நூற்றுக்கு எண்பதுக்குமேல் மாற்றிவிடும். நாம் சும்மா விடுகிற மூச்சில் பத்து பதினைந்து மாறினால் பெரிது.

அப்பாவுக்கு உள்ளே போன காற்று வெளியே வராமல் தேங்குகிறது என்று டாக்டர் படம் போட்டுக் காட்டியிருந்தார். அதை நான் நினைவுபடுத்தவில்லை. அவராகவே கொஞ்ச நேரம் கழித்து, “வெளிய விடத் தெரிஞ்ச பய” என்றார்.

ஜூன் 17

கரண்ட் இரண்டு தடவை. 87, 88. வேறொன்றும் எழுதப் பிடிக்கவில்லை.

ஜூன் 19

தண்ணீர் நீடாமங்கலத்தைத் தாண்டவில்லை என்கிறார்கள். தாண்டிவிட்டது என்றும் சொல்கிறார்கள்.

அக்கா கிளம்பி வரட்டுமா என்கிறாள். வந்து என்ன செய்யப்போகிறாள், அந்த ஊர் வெயிலைப் பற்றிப் பேசுவாளா? இப்படி நினைத்த கையோடு அவள் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சாம்பல் தண்ணீர், கறுப்பாக ஒரு வால், ஓரத்தில் அத்தானின் முழங்கை. வரச் சொல்லலாம். நாளைக்குச் சொல்கிறேன்.

ஜூன் 20

காலையில் 83. தூக்கமாகவே இருக்கிறார், கூப்பிட்டால் கண்ணைத் திறந்து மூடிக்கொள்கிறார். ஆம்புலன்ஸ் சொல்லியாச்சு, திருவாரூருக்கு. பழைய எக்ஸ்ரே, ஆதார், சார்ஜர், அம்மாவுக்கு மாற்றுப் புடவை. நாற்றங்காலைப் பார்த்துக்கொள்ளச் சித்தப்பாவிடம் சொல்லவேண்டும், அக்காவுக்கு