மரச்செக்கு யூனிட்டுக்கு 35 சதவீத மானியம்: விண்ணப்பம் முதல் மூன்றாம் ஆண்டு வரை

திண்டிவனம் பக்கம் மூன்று செக்கு போட்டு மணிலா (நிலக்கடலை) எண்ணெய் ஆட்டும் யூனிட்டுக்கு, பி.எம்.எஃப்.எம்.இ. திட்டத்தில் கடனும் மானியமும் வாங்கிய வழியை இங்கே எழுதுகிறோம். குறு உணவு பதப்படுத்தும் தொழில்களுக்காக மத்திய அரசு 2020-ல் கொண்டுவந்த திட்டம் இது. மானியத்துக்கான செலவில் 60 சதவீதம் மத்திய அரசுடையது, 40 சதவீதம் மாநில அரசுடையது. தகுதியான திட்டச் செலவில் 35 சதவீதம் மானியம், உச்சவரம்பு 10 லட்சம் ரூபாய். நம் கையிலிருந்து குறைந்தது 10 சதவீதம் போட வேண்டும்.

இந்த மானியம் கைக்கு வரும் பணம் அல்ல. வங்கிக் கடன் இருந்தால்தான் மானியம். கடன் கணக்கில் கடைசித் தவணை பட்டுவாடா ஆன நாளிலிருந்து மூன்று ஆண்டு அது வங்கியில் தனிக் கணக்கில் கிடக்கும். அதுவரை தவணை ஒழுங்காகக் கட்டி, யூனிட்டும் ஓடிக்கொண்டிருந்தால்தான் கடனில் வரவு வைப்பார்கள். ஆகவே விண்ணப்பத்தை அரசு அலுவலகத்துக்கு எழுதுவது போல எழுதாமல், கடன் கொடுக்கப்போகும் கிளை மேலாளருக்கு எழுதுவது போல எழுதுங்கள்.

எங்கள் கணக்கு இப்படி. செக்கு, பருப்பு சுத்தம் செய்யும் இயந்திரம், ஃபில்டர், பாட்டிலில் நிரப்பும் இயந்திரம், வயரிங் எல்லாம் சேர்த்து 9.5 லட்சம். தரை, டைல்ஸ், பூச்சி வலை, வடிகால் மாதிரி தொழிலுக்கான கட்டட வேலை 2.5 லட்சம். மொத்தம் 12 லட்சம். கட்டட வேலை மொத்தத்தில் 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. நிலம் வாங்கும் செலவைக் கணக்கில் சேர்க்கவே மாட்டார்கள். இதற்குக் கைப்பணம் 1.2 லட்சம், கடன் 10.8 லட்சம். மானியம் 4.2 லட்சம், பின்னால் இந்தக் கடனில்தான் கழியும்.

நடைமுறை மூலதனத்துக்கு, அதாவது சரக்கு வாங்கி அன்றாடம் தொழிலை ஓட்டும் பணத்துக்கு, மானியம் கிடையாது. அதனால் பலர் அதைத் திட்ட அறிக்கையில் எழுதாமலே விட்டுவிடுகிறார்கள். செக்கு யூனிட்டுகள் பூட்டிக் கிடப்பதற்கு இதுதான் பெரிய காரணம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஈட்டுக்கு (செக்கில் ஒரு தடவை போட்டு ஆட்டுவது) 15 கிலோ பருப்பு, ஒரு செக்கில் நாளைக்கு ஆறு ஈடு என்றால் மூன்று செக்குக்கு 270 கிலோ. 25 வேலை நாளில் 6,750 கிலோ. முதல் ஆண்டு 60 சதவீதம்தான் ஓடும் என்று வைத்தாலும் மாதம் 4,050 கிலோ வேண்டும். பருப்பு கிலோ 130 ரூபாய் என்றால் 5,26,500 ரூபாய். பாதி மாத இருப்புக்கே இரண்டரை லட்சத்துக்கு மேல் போகிறது. கடைக்காரர் எண்ணெய்க்குப் பணம் தர ஒரு மாதம் எடுத்துக்கொள்வார், கமிட்டியில் (ஒழுங்குமுறை விற்பனைக் கூடம்) மணிலா எடுத்தாலோ அன்றைக்கே பணம் கட்ட வேண்டும். இயந்திரக் கடனோடு சி.சி. வரம்பும் (தேவைக்கு எடுத்துக் கட்டும் நடைமுறை மூலதனக் கடன்) சேர்த்தே கேளுங்கள். பின்னால் தனியாகக் கேட்டால், ஓடாத யூனிட்டுக்கு எதற்கு என்பார்கள்.

இரண்டரை கிலோ பருப்புக்கு ஒரு லிட்டர் என்பது நாங்கள் வைத்த அளவு. இரண்டு கிலோவுக்கு ஒரு லிட்டர் என்று எழுதினால் லாபம் அழகாகத் தெரியும், தொழில் தெரிந்த மேலாளர் அந்தப் பக்கத்திலேயே அறிக்கையை மூடிவிடுவார். புண்ணாக்கு வரவை விட்டுவிடாதீர்கள்.

விண்ணப்பம் திட்டத்தின் இணையதளத்தில் போக வேண்டும். மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டால் மாவட்ட வள நபர் யாரென்று சொல்வார்கள். விண்ணப்பம் நிரப்புவது, திட்ட அறிக்கை தயாரிப்பது, வங்கியில் பேசுவது எல்லாம் அவர் வேலை. ஒவ்வொரு கடன் அனுமதிக்கும் திட்டமே அவருக்குப் பணம் தருகிறது, நாம் எதுவும் தர வேண்டியதில்லை. குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவும் இலவசம். காசு கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல.

திருப்பி அனுப்பப்படும் விண்ணப்பங்களில் பெரும்பாலானவை சிக்குவது சின்ன விஷயங்களில்தான். ஆதாரில் ஒரு பெயர், பான் அட்டையில் இன்னொரு இனிஷியல். வாடகை ஒப்பந்தம் பதினொரு மாதத்துக்கு மட்டும், கடனோ ஐந்து ஆண்டுக்கு. கொட்டேஷனில் ஜி.எஸ்.டி. எண் இல்லை, அல்லது கொட்டேஷனின் காலமே முடிந்துவிட்டது. வங்கிக்குப் போகும் வாரத்தில் கொட்டேஷனைப் புதுப்பித்து வாங்குங்கள். இயந்திரத்தின் குதிரைத்திறன், ஒரு ஈட்டின் அளவு, பொருத்தும் செலவு எல்லாம் அதில் தனித்தனியாக இருக்க வேண்டும். நம் பழைய கடன்களின் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையை முன்பே எடுத்துப் பாருங்கள். யாருக்கோ போட்ட ஜாமீன் கையெழுத்துகூட அதில் வந்து நிற்கும்.

குறிப்பிட்ட வரம்பு வரையிலான குறுந்தொழில் கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல். அதற்கு மேல் போனால், பிணைக்குப் பதிலாக வங்கிக்கு உத்தரவாதம் தரும் சி.ஜி.டி.எம்.எஸ்.இ. திட்டத்தின் கீழ் கேட்கலாம். அதற்கான ஆண்டுக் கட்டணத்தை வங்கி நம்மிடம்தான் வாங்கும், செலவுப் பட்டியலில் எழுதிவையுங்கள்.

மின்சாரத்தை ஆரம்பத்திலேயே பாருங்கள். தலா 3 எச்.பி. என்றால் மூன்று செக்குக்கு 9 எச்.பி., அதாவது சுமார் 6.7 கிலோவாட். ஃபில்டரும் மற்றவையும் சேர்ந்தாலும் 12 கிலோவாட்டுக்குள் அடங்கும், சிறுதொழில் கட்டணத்திலேயே இருக்கலாம். நான்காவது செக்கும் பெரிய உடைப்பு மிஷினும் யோசித்தால் கணக்கு மாறும். மும்முனை இணைப்பு வருவதற்குள் இயந்திரம் வந்து இறங்கினால், ஒரு லிட்டர்கூட ஆட்டாமலே வட்டி ஓடத் தொடங்கிவிடும்.

கடன் அனுமதிக் கடிதம் வரும் முன் இயந்திரத்துக்கு முழுப் பணம் கட்டிவிடாதீர்கள். வங்கி நேராக விற்பவர் கணக்குக்குத்தான் அனுப்பும், நாம் முன்பே கட்டியதைத் திட்டச் செலவில் சேர்ப்பது கடினம். கடிதத்தில் திட்டத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண முத்ரா கடனாகப் போட்டுக் கொடுத்துவிட்டால், மானியத்துக்காகத் திரும்பவும் அலைய வேண்டும். மானியத் தொகைக்கு மூன்று ஆண்டும் வட்டி எப்படிக் கணக்கிடப்படும் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பட்டுவாடா முடிந்ததும் மானியக் கோரிக்கையைக் கிளைதான் இணையத்தில் ஏற்ற வேண்டும். இத்திட்டத்துக்கு ஒருங்கிணைப்பு வங்கி யூனியன் வங்கி. கோரிக்கை அதன் வழியாகப் போய்த்தான் பணம் நம் கிளைக்கு வரும். இந்த இடத்தில்தான் அதிகம் தேங்குகிறது. மேலாளர் மாறினால் புதியவருக்கு இந்தக் கோப்பு தெரியாது. விண்ணப்ப எண், அனுமதித் தேதி, பட்டுவாடா தேதி மூன்றையும் ஒரு தாளில் எழுதி, வள நபரையும் கூட்டிக்கொண்டு போய் நேரில் கொடுங்கள்.

தொழில்நுட்பச் சந்தேகங்களுக்குத் தஞ்சாவூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்டெம்மைக் கேளுங்கள். பருப்பில் ஈரம் கூடினால் பூஞ்சை வரும், அந்தப் பூஞ்சையின் நஞ்சான அஃப்ளடாக்சின் எண்ணெயிலும் புண்ணாக்கிலும் இறங்கும். புண்ணாக்கு மாட்டுக்குப் போகிறது, பாலில் வரும். கறுத்த பருப்பைப் பொறுக்கி எடுக்கும் ஆள் கூலியைத் திட்ட அறிக்கையில் குறைக்காதீர்கள். சமையல் எண்ணெயைச் சில்லறையாக ஊற்றி விற்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஆகவே பாட்டில், லேபிள், உணவுப் பாதுகாப்பு உரிமம் மூன்றும் முதல் நாளே தயாராக இருக்க வேண்டும்.

திட்டம் பெரிது, பட்டமோ டிப்ளமோவோ ஐ.டி.ஐ.யோ கையில் இருக்கிறது என்றால் புதிய தொழில்முனைவோருக்கான மாநில அரசின் நீட்ஸ் திட்டத்தையும் பாருங்கள். 25 சதவீதம், 75 லட்சம் வரை மானியம், வட்டியில் 3 சதவீதச் சலுகை.

மூன்று ஆண்டும் தவணைத் தேதிக்கு முந்தைய நாளே கணக்கில் பணம் நிற்கட்டும். 90 நாள் நிலுவையானால் வாராக்கடன், மானியமும் கை நழுவும். பருப்பு வாங்கிய ரசீது, மின்கட்டண ரசீது, விற்பனை பில் ஆகியவற்றை மாதவாரியாகக் கோத்து வையுங்கள். யூனிட் ஓடுகிறதா என்று பார்க்க வருகிறவர் கேட்பது இவற்றைத்தான்.