வெட்டிய முந்திரிகைப் பந்தலும் இரண்டு கமராக்களும்

குளிர்காலத்து முந்திரிகைத் தோட்டம், அதாவது திராட்சைத் தோட்டம், என்று தேடினால் கிடைக்கின்ற படங்கள் பெரும்பாலும் பிரான்சிலும் இத்தாலியிலும் எடுக்கப்பட்டவை. இலை முழுவதையும் உதிர்த்துவிட்டுச் சரிவான நிலத்தில் வரிசை வரிசையாக நிற்கும் கறுத்த அடிமரங்கள், அவற்றின் மேல் சாய்ந்து விழும் வெயில், சில படங்களில் வெண்பனி. அவற்றைப் பார்த்துப் பழகிய கண்ணோடு விசுவமடுவிலுள்ள எங்கள் மாமாவின் வளவுக்குள் கமராவைக் கொண்டு போனால் எதுவுமே பொருந்தாது. வன்னியில் கொடிமுந்திரிகை தானாக உறங்குவதில்லை. அதை உறங்கவைக்கும் அளவுக்குக் குளிர் இங்கே வருவதுமில்லை. வெட்டாமல் விட்டால் ஆண்டு முழுவதும் பச்சையாகவே படர்ந்துகொண்டிருக்கும். ஆகவே இங்கே கொடி மொட்டையாக நிற்பது கத்தரிக்கோலின் வேலை. அந்த நிலை கூடிப்போனால் இரண்டு வாரம் நீடிக்கும். அதற்குள் கணுக்களில் மொட்டு வீங்கி, பச்சை எட்டிப்பார்த்துவிடும். அந்த இரண்டு வாரத்தைத்தான் சில ஆண்டுகளாக பிலிமிலும் டிஜிட்டலிலும் படம் பிடித்து வருகிறேன்.

யாழ்ப்பாணத்தில் உரும்பிராய், கோப்பாய்ப் பக்கங்களில் முந்திரிகைப் பந்தல் சாதாரணக் காட்சி. வன்னியில் அது அரிது. வற்றாத கிணறும் பொறுமையும் உள்ள சிலர் மட்டும் வைத்திருக்கிறார்கள். மாமா உரும்பிராயிலிருந்து வந்தவர் என்பதால் அந்தப் பழக்கத்தையும் கையோடு கொண்டுவந்துவிட்டார். அவரிடம் இருப்பது இஸ்ரேல் புளூ என்னும் கறுத்தப் பழ இனம். கத்தரித்ததிலிருந்து பழம் பறிக்க மூன்றரை முதல் நான்கு மாதமாகும் என்பதையும், பூக்கின்ற நேரத்தில் மழை அடித்தால் பூஞ்சண நோய் பிடிக்கும் என்பதையும் கணக்கிட்டு, வடகீழ்ப் பருவமழை ஓயத் தொடங்கும் மார்கழிக் (டிசெம்பர்) கடைசியிலோ தைப்பொங்கலை ஒட்டியோ அவர் கொடியை வெட்டுகிறார். முதன்முறை நான் கமராவோடு நின்றதைப் பார்த்து, "காய்க்கிற நேரம் வந்து எடடா தம்பி, கம்பியைப் படம் பிடிச்சு என்ன செய்யப்போறாய்?" என்றார். நியாயமான கேள்வி. ஆனால் காய்க்கிற நேரத்தில் பந்தலின் மேல் பறவை வலை விரித்திருப்பார்கள். இலையின் அடர்த்தியில் கொடியின் உடம்பே தெரியாது. வெட்டிய பிறகுதான் எந்தக் கிளையை எந்தத் திசைக்கு வளைத்துக் கட்டியிருக்கிறார், எந்த ஆண்டின் வெட்டு எங்கே ஆறித் தழும்பாகியிருக்கிறது என்பதெல்லாம் ஒரு வரைபடம் போல வெளியே வருகிறது.

ஐரோப்பியப் படங்களின் ஒளி இங்கே ஏன் கிடைப்பதில்லை என்பதற்கு எளிய கணக்கு உண்டு. மார்கழி நடுப்பகுதியில் போர்டோவில் நண்பகலிலும் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 22 பாகைதான் எழுகிறது. அதனால் அங்கே நாள் முழுவதும் நிழல் நீண்டு கிடக்கும், படம் எடுப்பவர் காலை உணவை முடித்துவிட்டு ஆறுதலாகப் போகலாம். கிளிநொச்சியின் அகலாங்கில் அதே நாளின் நண்பகல் உயரம் ஏறத்தாழ 57 பாகை. காலை ஆறேகாலுக்குச் சற்றுப் பின் உதிக்கும் சூரியன், எட்டு மணியளவிலேயே போர்டோவின் நண்பகல் உயரத்தை எட்டிவிடுகிறது. அதாவது அவர்களுக்கு ஒரு பகல் முழுவதும் கிடைப்பது நமக்குக் காலையில் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள்ளும் மாலையில் அதேயளவு நேரத்துக்குள்ளும் அடங்கிவிடுகிறது. அந்த நேரத்துக்குள் கருவியை மாற்றி மாற்றிச் சோதித்துக்கொண்டிருக்க முடியாது. எந்தக் காட்சி எந்தக் கமராவுக்கு என்பதை முதல்நாள் மாலையே தீர்மானித்துவிட வேண்டும்.

அந்தத் தீர்மானத்தை இங்கே ஒளியைவிடப் பந்தலின் அமைப்புத்தான் செய்கிறது. வேலி போன்ற வரிசைகளில் கொடியை ஏற்றும் நாடுகளில் கமரா நேரே பார்க்கிறது, பின்னணியில் மண்ணோ மலையோ இருக்கிறது. நமது பந்தலோ தலைக்கு மேலே கல்தூண்களில் இழுத்துக் கட்டிய கம்பிவலை. கொடியைப் பார்க்கக் கழுத்தை நிமிர்த்த வேண்டும். நிமிர்த்தினால் பின்னணி முழுவதும் வானம். மழை ஓய்ந்த நாட்களில் அந்த வானம் பெரும்பாலும் பால்வெள்ளை. வெள்ளையைச் சாம்பலாக்கும் அளவுக்கு ஒளியைக் குறைத்துக் காட்டுவது எந்த ஒளிமானியின் இயல்பும்தான். அது சொன்னபடி எடுத்தால் கொடி வெறும் நிழலுருவாகிவிடும்; பட்டையின் உரிவு, தழும்பு, கட்டிய கயிறு எதுவும் மிஞ்சாது.

இந்த இடத்தில் இரண்டு ஊடகங்களும் எதிரெதிர்த் திசையில் நடக்கின்றன. நெகற்றிவ் பிலிம் கூடுதல் வெளிச்சத்தைப் பொறுத்துக்கொள்ளும், குறைந்த வெளிச்சத்தை மன்னிக்காது. டிஜிட்டல் உணரியோ நிழலில் ஒளிந்திருப்பதைப் பின்னர் மீட்டுத் தரும், ஆனால் ஒருமுறை எரிந்து வெள்ளையான வானத்தில் எதையும் மீட்டுத் தராது. ஆகவே இல்ஃபோர்ட் எச்பி5 பிளஸ் என்னும் கறுப்பு வெள்ளை பிலிமில் எடுக்கும்போது கொடியின் இருண்ட பட்டைக்கே அளந்து, முழுக் காட்சிக்கும் மானி காட்டுவதைவிட ஒன்றரை இரண்டு ஸ்டொப் (ஒரு ஸ்டொப் என்பது வெளிச்சம் இரு மடங்காவது) கூடுதலாக விடுகிறேன். வானம் நெகற்றிவில் அடர்த்தியாகப் பதிந்தாலும் அதற்குள் மேகத்தின் அசைவு எங்கோ இருக்கும். டிஜிட்டலில் ஹிஸ்டோகிராம் என்னும் ஒளி வரைபடத்தின் வலது ஓரம் சுவரில் முட்டாதபடி வானத்துக்கு எடுத்து, ரா கோப்பில், அதாவது கமரா பதிந்த மூலக் கோப்பில், நிழலை உயர்த்துகிறேன். ஐஎஸ்ஓ 100 இல் எடுத்தால் மூன்று ஸ்டொப் அளவு உயர்த்தினாலும் தாங்குகிறது. இருந்தும் வெள்ளை வானத்தை எதிர்த்து நிற்கும் மெல்லிய கொடியும் கம்பியும் எனக்கு பிலிமில்தான் பிடித்திருக்கின்றன. டிஜிட்டலில் கம்பியின் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல் முடிகிறது. பிலிமில் அது வானத்துக்குள் கொஞ்சம் கரைகிறது. பிலிம் உயர்ந்தது, டிஜிட்டல் தாழ்ந்தது என்ற பொதுப்பேச்சில் எனக்கு உடன்பாடு கிடையாது. இந்த ஒரு காட்சிக்கு மட்டும் சொல்கிறேன்.

பிலிமுக்கு நான் பாவிப்பது யாஷிகா மாட் 124ஜி என்னும் இரட்டை லென்ஸ் கமரா. 1970 முதல் 1986 வரை தயாரிக்கப்பட்டது, 120 ரோலில் சதுரமாகப் பன்னிரண்டு படம் தருவது. இடுப்பு உயரத்தில் வைத்து மேலிருந்து குனிந்து பார்ப்பதற்காகச் செய்யப்பட்ட கமரா என்றாலும், அதை மல்லாத்தி நிலத்தில் வைத்தால் லென்ஸ் நேரே பந்தலைப் பார்க்கிறது. பார்க்கும் கண்ணாடியோ பக்கவாட்டுக்கு வந்துவிடுகிறது. முழங்காலில் நின்று பக்கத்திலிருந்து பார்த்தால் போதும், ஈர மண்ணில் முதுகு நனையப் படுக்க வேண்டியதில்லை. கண்ணாடியில் இடம் வலமாகத் தெரிவது ஆரம்பத்தில் தலைசுற்ற வைக்கும். பிறகு அதுவே கொடிகளை வெறும் கோடுகளாகப் பார்க்கப் பழக்குகிறது. அதன் உள் ஒளிமானி பாதரசப் பற்றரிக்காக அமைக்கப்பட்டது. அந்தப் பற்றரி இப்போது விற்பனையில் இல்லை, இன்று கிடைக்கும் அல்கலைன் பற்றரியின் மின்னழுத்தம் சற்றுக் கூடியது என்பதால் மானி பிழையாகக் காட்டும். எனவே டிஜிட்டல் கமராவையே ஒளிமானியாகப் பாவிக்கிறேன். பட்டைக்கு அருகே கொண்டுபோய்ப் பட்டையை மட்டும் அளந்து, வந்த எண்களை யாஷிகாவில் வைத்தால் வேலை முடிந்தது.

கறுப்பு வெள்ளையில் இன்னொரு சிக்கல் உண்டு. மாமாவின் வளவு செம்மண். நனைந்த செம்மண்ணும் கொடியின் பழுப்பு அடிமரமும் நேரில் வேறு வேறு நிறமானாலும், பிலிமில் ஏறத்தாழ ஒரே சாம்பலாக விழுகின்றன; மேலிருந்து எடுத்த படத்தில் மரம் மண்ணுக்குள் மறைந்தேபோகும். செம்மஞ்சள் வடிகட்டியை மாட்டினால் மண் வெளுக்கிறது, மரம் கறுப்பாகவே பிரிந்து நிற்கிறது. அதற்கு விலையாக இரண்டு ஸ்டொப் வெளிச்சத்தைக் கொடுக்க வேண்டும். டிஜிட்டலில் வண்ணமாக எடுத்துவிட்டுச் சிவப்பைத் தனியே உயர்த்திக் கறுப்பு வெள்ளையாக்கினால் இதே பலன் வீட்டில் இருந்தபடியே கிடைக்கிறது என்பதால், மண் நிறைய வரும் படங்களை இப்போது டிஜிட்டலுக்கே விட்டுவிடுகிறேன். அதே வடிகட்டி பனிமூட்டத்தை வெட்டும் என்று பலர் நம்புகிறார்கள். தூரத்துக் காட்டின் மேலே தெரியும் நீலப் புகாரை அது வெட்டும். தை மாத விடியலில் குளப்பக்கமிருந்து ஊர்ந்து வரும் மூட்டத்தை வெட்டாது, ஏனென்றால் மூட்டத்தின் நீர்த்துளிகள் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய சமமாகவே சிதறடிக்கின்றன.

விடியலுக்கு முந்திய மங்கலில் பிலிமின் கணக்கு மாறுவதையும் சொல்ல வேண்டும். ஒரு விநாடிக்கு மேற்பட்ட வெளிச்சத்தில் பிலிமின் கூருணர்வு குறைந்துகொண்டே போகும். எச்பி5 பிளஸுக்கு மானி 10 விநாடி என்றால் உண்மையில் ஏறத்தாழ 20 விநாடி கொடுக்க வேண்டும். அத்தனை நேரம் ஷட்டர் திறந்திருக்கும்போது காற்றில் கொடி ஆடினால் படம் கெட்டுவிடும். ஆனால் வெட்டிய கொடி ஆடுவதேயில்லை. இலை இல்லாத கொடிக்குக் காற்றைப் பிடிக்கப் பாய் கிடையாது.

டிஜிட்டலுக்கென்றே நான் ஒதுக்கி வைத்திருப்பது வெட்டுவாயில் கசியும் நீர். கத்தரித்தபின் வேர் மேலே தள்ளும் நீர், இலை இல்லாததால் போக வழியின்றி, வெட்டிய முனைகளில் துளி துளியாக நின்று சொட்டும். மரத்துக்கு அதனால் பெரிய தீங்கில்லை. மொட்டு விரியத் தொடங்கினால் தானாக நின்றுவிடும். அந்தத் துளிக்குள் பந்தலும் வானமும் தலைகீழாகத் தெரிவதைக் கிட்டத்தில் போய் எடுக்க வேண்டுமானால், குவியத்தை மயிரிழை மயிரிழையாக நகர்த்திப் பல படம் எடுக்க வேண்டும். பன்னிரண்டு படத்தோடு முடியும் ரோலில் அதைச் செய்வது பணத்தைக் கிணற்றில் போடுவதுதான். தலைக்கு மேலுள்ள முனைகளை எட்டிப் பிடிக்கச் சாயும் திரையும் உதவுகிறது. மொட்டு விரியும் நாட்களைத் தினமும் ஒரே இடத்திலிருந்து பதிவதற்கும் டிஜிட்டலே போதும்.

பிலிம் கழுவுவதுதான் வன்னியில் உண்மையான சோதனை. எச்பி5 பிளஸை ஐடி-11 மருந்தில் ஒன்றுக்கு ஒன்று என்று தண்ணீர் கலந்து 20 பாகை செல்சியஸில் 13 நிமிடம் கழுவ வேண்டும் என்பது தயாரிப்பாளரின் கணக்கு. எங்கள் கிணற்றுத் தண்ணீர் மார்கழிக் குளிரிலும் கைக்கு வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். சூடு கூடினால் நேரம் குறையும். நேரம் 5 நிமிடத்துக்குக் கீழே போனால் பிலிம் திட்டுத்திட்டாகக் கழுவப்படும். ஆகவே மருந்துப் போத்தலை ஐஸ்கட்டி போட்ட வாளிக்குள் இறக்கி 24 பாகைக்குக் கொண்டுவந்து ஏறத்தாழ 9 நிமிடம் கழுவுகிறேன். 20 பாகைக்கு இறக்கி அங்கேயே பிடித்து வைக்க முயல்வதைவிட இது நிம்மதி. வேடிக்கை என்னவென்றால், குளிர்நாட்டுக்காரர்கள் அஞ்சும் வண்ண பிலிம் கழுவல் இங்கே சுலபம். அதற்கு 37.8 பாகை வேண்டும், நமது தண்ணீரைக் கொஞ்சம் சூடாக்கினால் போதும், அது ஆறுவதற்கும் அவசரப்படாது. கடைசி அலசலுக்கு மட்டும் கிணற்றுத் தண்ணீரைத் தொடுவதில்லை. கேத்தலில் சுண்ணாம்புப் படை கட்டும் தண்ணீர் பிலிமிலும் வெள்ளைப் பொட்டு வைக்கும். வாகனப் பற்றரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீர் பரந்தனிலேயே கிடைக்கிறது.

பிலிம் வாங்குவதற்குக் கொழும்புக்குச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரைக் கேட்க வேண்டும். கொண்டுவருபவர்களிடம் அதைக் கைப்பையில் வைக்கும்படியும், புதிய சிடி (CT) வகை எக்ஸ்ரே ஸ்கானர் உள்ள விமான நிலையங்களில் கையால் பரிசோதிக்கும்படி கேட்கச் சொல்லியும் எழுதுகிறேன். பழைய எக்ஸ்ரே இயந்திரங்களை ஐஎஸ்ஓ 400 பிலிம் ஒருமுறை இருமுறை தாங்கும், சிடி இயந்திரத்தைத் தாங்காது. வீட்டில் மழைக்கால ஈரத்துக்கு லென்ஸில் பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க, மூடி இறுகிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போட்டு வைத்தால் போதும்.

கழுவிய நெகற்றிவை ஸ்கான் செய்யும் கடை அருகில் இல்லை. ஒளித்தட்டின் மேல் நெகற்றிவை வைத்து, மேக்ரோ லென்ஸ் மாட்டிய டிஜிட்டல் கமராவை முக்காலியில் குப்புறக் கவிழ்த்து, அதைப் படமாக எடுத்துக் கணினியில் நிறத்தைத் திருப்புகிறேன். அதனால் என் பிலிம் படங்கள் அனைத்தும் இறுதியில் டிஜிட்டல் கோப்புகளாகவும் இருக்கின்றன, அது நல்லதே. 2009க்கு முந்திய ஒரு படம்கூட இல்லாத வீடுகள் வன்னியில் நிறைய. மாமாவின் கலியாணப் படமே உரும்பிராயில் இன்னொருவர் வீட்டு அல்பத்திலிருந்துதான் திரும்பக் கிடைத்தது. ஆகவே நெகற்றிவ் உறைகள் விசுவமடுவிலும், கோப்புகளின் ஒரு பிரதி கிளிநொச்சியிலும், இன்னொரு பிரதி ரொறன்ரோவில் மச்சானிடமும் இருக்கின்றன. கோப்புகளுக்குப் பெயரிடும்போது படம் எடுத்த திகதியோடு கொடி வெட்டிய திகதியையும், பந்தலின் எந்தத் துண்டு என்பதையும் சேர்த்து எழுதுகிறேன். கம்பியைப் படம் பிடித்து என்ன செய்யப்போகிறாய் என்று கேட்ட மாமா, எந்தத் துண்டு எத்தனை நாளில் மொட்டு விட்டது என்று பார்ப்பதற்கு இப்போது அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார்.