நொய்யல் கரையில் ஒரு செய்தி வகுப்பு

ஜூலை 8, 2025, செவ்வாய், திருப்பூர்

புலனாய்வுச் செய்தி எழுதும் பாடத்தை எடுத்திருக்கும் ஆறு மாணவர்களும் முதல் வகுப்பிலேயே நொய்யலைப் பற்றித்தான் எழுதப்போகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். ஆற்றில் சாயம் கலப்பது ஊரறிந்த சங்கதியாயிற்றே, அதில் புதிதாக என்ன கண்டுபிடிக்கப்போகிறீர்கள் என்று கேட்டேன். யாரும் வாய் திறக்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்ததாகச் சொல்லப்படும் விஷயத்துக்கு யாரும் ஆதாரம் கேட்பதில்லை; மறுப்பவரும் அந்தத் துணிவில்தான் மறுக்கிறார்.

ஆகவே பழைய காகிதங்களிலிருந்து தொடங்கினோம். பாசனத்துக்கென்று கட்டி 1992இல் பயன்பாட்டுக்கு வந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் இடமாகிப்போனதையும், ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றம் போனதையும், 28 ஆயிரத்துக்கும் மேற்பட்ட விவசாயிகளுக்குச் சுமார் 24 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2004இல் சூழல் இழப்பை மதிப்பிடும் ஆணையம் கணக்கிட்டதையும், 2009இல் உச்ச நீதிமன்றம் சாயப்பட்டறை உரிமையாளர்களின் மேல்முறையீட்டில் தீர்ப்பளித்ததையும், 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டதையும் வரிசைப்படி எழுதச் சொன்னேன். செய்தித்தாள் நறுக்குகளை ஒதுக்கிவிட்டுத் தீர்ப்புகளையே படிக்க வைத்ததில் இரண்டு பேருக்கு வருத்தம்.

ஜூலை 12, சனி

கரையோரக் கிணறு ஒன்றில் கரைந்த உப்பை அளக்கும், பேனா போன்ற டி.டி.எஸ். மீட்டரை வைத்த மாணவன், 3,400 என்று எண் வந்ததும் துள்ளிவிட்டான். செய்தி கிடைத்துவிட்டது என்றே நினைத்தான். குடிநீருக்கு ஒரு லிட்டரில் 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதி என்பது தர அளவு; அதைத் தாண்டியிருப்பது உண்மைதான். ஆனால் அந்தக் கருவி தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பைத்தான் சொல்லும், எந்த உப்பு, எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாது. நம்முடையது பாறை நிலம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பட்டறையே இல்லாத ஊர்களிலும் உப்புக் கரிக்கும். ஆற்றை விட்டு விலகியும் ஆற்றின் மேல்பகுதியிலும் ஏறத்தாழ இதே ஆழமுள்ள கிணறுகளில் அளந்து பார்க்காமல் 3,400 என்பதற்குப் பொருளில்லை என்று விளக்கினேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருந்தது. 1974ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவுப்படி, மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலர் முறையாக எடுத்து, இரு பங்காக்கி, முத்திரையிட்ட மாதிரிதான் நீதிமன்றத்தில் செல்லுபடியாகும். நாம் பாட்டிலில் பிடித்துவரும் தண்ணீரைக் கொண்டு ஒரு கேள்வியைக் கேட்கலாமே தவிர, தீர்ப்புச் சொல்ல முடியாது.

ஜூலை 14, திங்கள்

வகுப்பு முடிந்ததும் மாணவி ஒருத்தி தங்கிவிட்டாள். அவளுடைய அப்பா சாயப்பட்டறையில் வேலை பார்க்கிறாராம். இதை முன்பே சொல்லாதது தப்பா, தான் விலகிக்கொள்ள வேண்டுமா என்று கேட்டபோது அவள் குரல் தழுதழுத்தது. இப்போது சொன்னதே போதும் என்றேன். அப்பா வேலை பார்க்கும் பட்டறையை அவள் தொடக் கூடாது, அந்தத் தொடர்பைக் கட்டுரையில் ஒரு வரியில் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தோம்.

ஜூலை 21, திங்கள்

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு எழுதப் பழகினோம். ஆறு பேரும் எழுதிவந்த முதல் மனு ‘ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை’ என்றுதான் தொடங்கியது. ஏன் என்று கேட்டால் விளக்கம் தரக் கடமையில்லை என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். கோப்பில் இருப்பதன் நகலைக் கேட்டால் தட்டிக்கழிப்பது கடினம். எந்த அலுவலகம், எந்தப் பதிவேடு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று மாற்றி எழுத மூன்று மணி நேரம் ஆனது. பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, மழைப் பதிவேட்டுக்கு ஒன்றும் புகார்க் கோப்புகளுக்கு ஒன்றுமாக இரண்டு மனுக்களைப் பதிவுத் தபாலில் அனுப்பினோம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு, ஆடிப்பெருக்கு

இன்று எங்களுக்குக் கிடைத்ததைப் போன்ற ஆவணம் என் பணிக்காலத்தில் அதிகம் கிடைத்ததில்லை. ஆற்றோரத்தில் இரண்டு எருமைகளோடு இருக்கும் ஒரு பெரியவர், பால் சொசைட்டிக்கு ஊற்றிய கணக்கை நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். காலை, மாலை, லிட்டர் என்ற கட்டங்களுக்கு வெளியே, ஓரத்தில், சில நாள்களுக்கு மட்டும் நீல மையில் ‘தண்ணி செவப்பு’, ‘தண்ணி கருப்பு, நொரை’ என்று இருந்தது. எருமையை ஆற்றில் இறக்கலாமா வேண்டாமா என்று பார்க்கப் போகும்போது கண்டதாம். “எழுதி வெச்சா என்னைக்காச்சும் ஒருத்தரு கேப்பாங்கன்னு நெனச்சனுங்க, கண்ணு” என்று மாணவியிடம் சொல்லிவிட்டு நோட்டை வேட்டித் தலைப்பால் துடைத்துக் கொடுத்தார்.

நோட்டு உண்மையா என்பதை எப்படிச் சோதிப்பது? மாணவர்களே வழி கண்டார்கள். குறிப்பு இருந்த 14 நாள்களின் பால் அளவையும் சொசைட்டிச் சீட்டுகளோடு ஒப்பிட்டார்கள். பன்னிரண்டு பொருந்தின, மற்ற இரண்டு நாள்களுக்கும் சீட்டே இல்லை. பெரியவர் மீது சந்தேகமா என்று ஒருவன் தயங்கினான். நாளைக்கு வேறொருவர் அவரைப் பொய்யர் என்று சொல்லிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இன்று நாம் சரிபார்க்கிறோம் என்றேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

மழைப் பதிவேட்டின் நகல் வந்துவிட்டது. புகார்க் கோப்புகளைத் தர மறுத்துவிட்டார்கள். 30 நாள்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும். அந்த 14 நாள்களில் ஒன்பதுக்கு முந்தைய இரவு மழை. மழையின் மறைவில் கழிவைத் திறந்துவிடுகிறார்கள் என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலில் சொன்னது. மழைநீர் ஊர்ச் சாக்கடையையும் ஆற்றடியில் பழைய நாளில் படிந்ததையும் கூட அடித்து வருமே என்றேன். மழையில்லாத மற்ற ஐந்து நாள்கள்தான் இப்போது என் தூக்கத்தைக் கெடுக்கின்றன. ஆவணங்கள் பதில் சொல்லாத இடம் அதுதான்.

ஆகஸ்ட் 28, வியாழன்

மூன்றாவது வரைவு. ‘பட்டறைகள் இரவில் கழிவைத் திறந்துவிடுகின்றன’ என்ற வரியை அடித்துவிட்டு, ‘14 நாள்களில் ஆற்று நீர் நிறம் மாறியிருந்ததாக விவசாயி ஒருவரின் பால் கணக்கு நோட்டு சொல்கிறது, அவற்றில் ஐந்து நாள்களுக்கு முந்தைய இரவில் மழை இல்லை’ என்று எழுதியிருக்கிறார்கள். மேல்பகுதியில் உள்ள மூன்று பட்டறைகளுக்கும் ஐந்து கேள்விகள் அனுப்பி ஏழு நாள் அவகாசம் கொடுத்திருந்தோம். ஒருவர் மட்டும் தொலைபேசியில் அழைத்து, வரும் புதன்கிழமை நேரில் வந்து பதிவேடுகளைப் பார்க்கலாம் என்றிருக்கிறார். அன்று வகுப்பு முடிந்து தங்கிப் பேசிய மாணவியின் அப்பா வேலை பார்க்கும் இடம் அந்த மூன்றில் இல்லை; ஆனாலும் தான் வரவில்லை என்று அவள் சொல்லிவிட்டாள்.

போகும் இருவருக்காக அவள் ஒரு தாள் நிறைய எழுதிக் கொடுத்தாள். சாயம் துணியில் ஏற உப்பு போட்டாக வேண்டும், அந்த உப்பு எங்கேயும் மறைந்துவிடாது, துணியில் நிற்காது, தண்ணீரோடுதான் வெளியேறும். ஆகவே சுத்திகரிப்பு நிலையத்தின் ஓட்ட மீட்டர் கணக்கை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டாம், அந்த ஐந்து தேதிகள் வரும் மாதங்களில் எத்தனை மூட்டை உப்பு வாங்கினார்கள், கழிவுநீரை ஆவியாக்கி உப்பைப் பிரிக்கும் எவாப்பரேட்டரிலிருந்து எத்தனை மூட்டை திரும்ப எடுத்தார்கள் என்ற இரண்டு பதிவேடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள் என்று அதில் இருந்தது.