மகளுக்கு நுண்ணறிவுச் சோதனை செய்வித்தபோது

மகள் நாலாம் வகுப்பில் இருக்கும்போதே புலமைப்பரிசில் ரியூசன் தொடங்கிவிட்டது. யாழ்ப்பாணத்தில் இது புதினமில்லை. ஐந்தாம் ஆண்டுப் பரீட்சையின் 200 புள்ளியில் பாதி முதலாவது வினாத்தாளுக்கு. எண்கோலம், உருவங்களின் ஒழுங்கு என்று நுண்ணறிவு பார்க்கும் கேள்விகள்தான் அதில் கூட. மாதிரித் தாளில் பாதியை வெறுமையாக விட்டுவிட்டு எழும்பிவிடுவாள். "பிள்ளைக்கு விளக்கம் குறைவு போல, ஒருக்கா சோதிச்சுப் பாருங்கோ" என்றார் படிப்பித்தவர்களில் ஒருவர். அன்று இரவு எனக்கு நித்திரை இல்லை.

முதலில் எங்கள் குடும்ப டொக்டரிடம் போனோம். கண்ணையும் காதையும் பார்த்துவிட்டுத்தான் மற்றதை யோசிக்கவேணும் என்றார். கரும்பலகை மங்கலாகத் தெரியும் பிள்ளையையும் மந்தம் என்று சொல்லிவிடுவார்களாம். இரண்டிலும் குறை இல்லை. அவர் தந்த கடிதத்தோடு உளவியலாளரிடம் திகதி எடுத்தோம். கொஞ்சம் காத்திருக்க வேண்டியிருந்தது.

முதல் சந்திப்பில் பிள்ளையைவிட எங்களிடம்தான் கூடக் கேட்டார். பிறந்தபோது நிறை என்ன, எப்போது நடந்தாள், எப்போது கதைத்தாள் என்றெல்லாம். குடும்பநல உத்தியோகத்தர் எழுதித் தந்த பிள்ளை வளர்ச்சிப் பதிவேட்டைக் கொண்டுபோனது நல்லதாய்ப் போயிற்று. பள்ளிக்கூடத் தேர்ச்சி அறிக்கையோடு அவளுடைய கொப்பிகளையும் வாங்கிப் பார்த்தார். "வீட்டில ஒருத்தரும் சொல்லாமல் தானாய் என்ன செய்வா? பிழைச்சால் என்ன செய்வா?" என்ற கேள்விக்கு என் கணவரும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

சோதனை நாளில் நான் வெளியே இருந்தேன். சிவப்பு வெள்ளைக் கட்டைகளை அடுக்கிப் படத்தில் உள்ள கோலத்தைச் செய்தாளாம், அவர் சொன்ன இலக்கங்களைப் பின்பக்கமாகத் திருப்பிச் சொன்னாளாம். கேள்விகள் எல்லாம் தமிழில்தான். தாளைக் கண்டாலே முகம் வாடுகிறவள், "விளையாட்டு மாதிரி இருந்தது அம்மா" என்று சொல்லிக்கொண்டு வந்தாள்.

அறிக்கை தந்த அன்று உளவியலாளர் எண்ணைச் சொல்ல அவசரப்படவில்லை. இந்தச் சோதனைகளில் 100 நடு; மூன்றில் இரண்டு பங்குப் பேர் 85க்கும் 115க்கும் இடையில்தான் வருவார்கள். ஒரு தனி எண்ணைப் பிடித்துக்கொள்ளக் கூடாது, இன்ன எல்லைக்குள் இருக்கிறாள் என்றுதான் கொள்ளவேணும், அதோடு ஒப்பிடும் அளவுகள் வேறு நாட்டுப் பிள்ளைகளை வைத்துக் கட்டியவை என்றார். மகள் அந்த நடுவிலேயே நின்றாள். வேகம் பார்க்கும் பகுதி மட்டும் மற்றவற்றைவிடத் தாழ்வு. 1905இல் பாரிஸில் அல்பிரட் பினே என்ற உளவியலாளர் முதல் சோதனையைச் செய்ததே எந்தப் பிள்ளைக்கு மேலதிக உதவி தேவை என்று கண்டுபிடிக்கத்தான், தரம் பிரித்து ஒதுக்க அல்ல என்று அவர் சொன்னபோது மனம் ஆறியது.

பிறகு அவர் சொன்னதுதான் எனக்கு முழு அறிக்கையையும்விடப் பெரிது. கொஞ்சம் கடினமானது வந்தவுடன், தொட்டும் பார்க்காமல் "எனக்குத் தெரியாது மிஸ்" என்று கையை எடுத்துவிடுகிறாளாம். சோதனை முடிந்தபின், புள்ளியில் சேர்க்காமல், நேரமும் பார்க்காமல், கைவிட்டவற்றில் சிலதைத் திரும்பக் கொடுத்திருக்கிறார். பலதைச் செய்துவிட்டாள்.

உளவியலில் இதை அடைவு ஊக்கம், அதாவது ஒன்றைச் சாதிக்கவேணும் என்ற உந்துதல், என்ற தலைப்பில் படிக்கிறார்கள். அமெரிக்க உளவியலாளர் டேவிட் மக்லெலண்ட், வளையம் எறியும் விளையாட்டில் யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்தவர். அடைவு ஊக்கம் கூடியவர்கள் முயன்றால் விழும் தூரத்தில் நிற்பார்கள். மற்றவர்கள் தப்பாமல் விழும் கிட்டத்திலோ, விழாவிட்டாலும் ஒருவரும் குறை சொல்லாத தூரத்திலோ நிற்பார்களாம். என் மகளின் கணக்குக் கொப்பியும் அதே மாதிரித்தான். மிக லேசானதைச் செய்வாள், இல்லாவிட்டால் அண்ணாவின் எட்டாம் வகுப்புக் கணக்கை எடுத்து வைத்திருப்பாள்.

1998இல் கிளோடியா முல்லர், கரோல் டுவெக் என்ற உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வையும் எங்கள் உளவியலாளர் விளக்கினார். அதுவும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள். "நீ கெட்டிக்காரி" என்று புகழப்பட்டவர்கள், பிறகு கடினமானது வந்து தோற்றதும் சீக்கிரம் சோர்ந்தார்கள். முயற்சிக்காகப் புகழப்பட்டவர்கள் தொடர்ந்தார்கள். எங்கள் வீட்டிலோ அம்மம்மா தொடக்கம் எல்லோரும் அவளைக் கெட்டிக்காரி என்றே கூப்பிட்டவர்கள். அந்தப் பெயர் போய்விடுமோ என்ற பயம் ஒன்பது வயதில் எவ்வளவு பாரம்!

இப்போது ரியூசன் ஒன்றைக் குறைத்திருக்கிறோம். "எத்தினை சரி?" என்று கேட்பதில்லை, "இதை எப்பிடிச் செய்தனீ பிள்ளை?" என்று கேட்கிறோம். ஒவ்வொரு நாளும் சற்றே கடினமான கணக்கு ஒன்று, பிழைத்தாலும் அழிக்காமல். சில நாள் அழுகை வரும், சில நாள் அவளே இன்னொன்று கேட்பாள். கனடாவிலிருந்து பெரியம்மா "எத்தினை வந்தது?" என்று கேட்டார். அந்த எண்ணை நாங்கள் அவருக்கும் சொல்லவில்லை, மகளுக்கும் சொல்லவில்லை. சொல்லவே கூடாது என்பது என் திடமான எண்ணம்.

போக இருக்கிற பெற்றோருக்கு: காய்ச்சல் தடிமன் உள்ள நாளிலும் ரியூசன் முடிந்த கையோடும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். முன்கூட்டிப் பழக்காதீர்கள், பழக்கினால் கிடைக்கும் எண் பிள்ளையினுடையது அல்ல. எண்ணோடு நிற்காமல், பிள்ளை எப்படி வேலை செய்தது என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வகுப்பாசிரியரிடம் காட்ட எங்களுக்கு உதவியது அந்தப் பக்கம்தான்.