கேஸ் ஷீட்டைக் கேட்டு வாங்குங்கள்

ஆஸ்பத்திரியில் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று நினைக்கிற குடும்பம் முதலில் ரிசப்ஷனில் சத்தம் போடும், அப்புறம் போலீஸில் தெரிந்தவர் யாராவது இருக்கிறாரா என்று தேடும், அதற்குள் ஒரு மாதம் ஓடிவிடும். கேஸ் ஷீட், அதாவது சிகிச்சையின்போது மருத்துவமனை எழுதி வைக்கிற முழுக் குறிப்புகள், அதன் நகல் வேண்டும் என்று ஒரு வெள்ளைத்தாளில் நாலு வரி எழுதிக் கொடுக்கலாம் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை. எங்கள் வீட்டில் அதை முதலில் சொன்னவர் சித்தப்பா. சைதாப்பேட்டை கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் பிடிவாதமாகச் சொன்னதால்தான் இன்று எங்களிடம் ஒரு வழக்கு இருக்கிறது.

அத்தைக்குப் பித்தப்பையில் கல். வடசென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் லேப்ராஸ்கோப்பி முறையில், அதாவது சின்னத் துளைகள் போட்டு, ஆபரேஷன், இரண்டு மூன்று நாளில் வீட்டுக்குப் போய்விடலாம் என்றார்கள். ஆபரேஷனின்போது பித்தநாளத்தில் காயம் பட்டு, பித்தநீர் வயிற்றுக்குள் கசிய ஆரம்பித்திருக்கிறது. அதைக் கண்டுபிடிப்பதற்குள் வயிறு முழுக்க கிருமித்தொற்று. வேறு மருத்துவமனைக்கு மாற்றி, ஐசியூ, இன்னொரு பெரிய ஆபரேஷன், மாதக்கணக்கில் கஞ்சி. பிழைத்துவிட்டார், அதற்கு அந்த இரண்டாவது மருத்துவமனைக்குக் காலத்துக்கும் நன்றி சொல்வோம். ஆனால் தையல் மெஷின் முன்னால் அரை மணி நேரம் உட்கார முடியவில்லை. பிளவுஸ் தைத்தே இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தவர் அவர்.

மாமா "அவனை விடக்கூடாது" என்று கொதித்தார். அது நியாயமான கோபம்தான், ஆனால் சட்டம் கேட்கிற கேள்வி வேறு. பித்தப்பை ஆபரேஷனில் பித்தநாளத்துக்குக் காயம் படுவது கவனமாகச் செய்கிற சர்ஜனுக்கும் எப்போதாவது நேரக்கூடியது, மருத்துவப் புத்தகங்களிலேயே இருக்கிற சிக்கல். காயம் பட்டது என்பதால் மட்டுமே அலட்சியம் ஆகிவிடாது. ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரமும் அதுதான்: சிகிச்சை பலன் தரவில்லை என்பதே குற்றம் ஆகாது, சராசரித் திறமையுள்ள ஒரு மருத்துவர் அந்த நிலைமையில் செய்திருக்க வேண்டியதைச் செய்தாரா என்றுதான் பார்க்க வேண்டும். இதை நான் முழு மனதாக ஏற்கிறேன். இல்லையென்றால் கஷ்டமான கேஸை எந்த டாக்டரும் தொட மாட்டார். எங்கள் கேள்வி, காயம் பட்ட பிறகு அதை எப்போது கவனித்தார்கள், கவனித்ததும் என்ன செய்தார்கள் என்பது. அதற்குப் பதில் எங்கே இருக்கும்? டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்காது. அது எல்லாம் முடிந்த பிறகு மருத்துவமனை உட்கார்ந்து எழுதுகிற இரண்டு பக்கம். "உறவினர்கள் கேட்டுக்கொண்டதால் மேல் சிகிச்சைக்கு மாற்றப்பட்டார்" என்று அதில் இருந்தது.

பதில் நர்ஸ் எழுதிய பக்கங்களில் இருந்தது. ஆபரேஷன் முடிந்த மறுநாள் ராத்திரி, நீல மையில், கொஞ்சம் சாய்ந்த கையெழுத்து. 10 மணி: வயிற்று வலி அதிகம் என்கிறார், நாடி 112. 2 மணி: வாந்தி, நாடி 118, டியூட்டி டாக்டருக்குப் போனில் சொல்லப்பட்டது. 6 மணி: காய்ச்சல் 101, வயிறு உப்பல், டியூட்டி டாக்டருக்கு மறுபடி சொல்லப்பட்டது. அதே காலை ரவுண்ட்ஸில் டாக்டர் எழுதியது ஒரே வரி: நோயாளி நலம், அதே மருந்துகள் தொடரவும். ஸ்கேன் எழுதப்பட்டது அதற்கும் அடுத்த நாள் சாயங்காலம். அந்த சிஸ்டர் யாரென்று தெரியாது, சுருக்கொப்பம் மட்டும்தான் இருக்கிறது. ராத்திரி முழுக்க நின்று பார்த்து, நேரம் போட்டு எழுதி வைத்திருக்கிறார். எங்கள் புகாரின் முதுகெலும்பே அந்த ஒரு பக்கம்தான்.

கேஸ் ஷீட் கேட்பது யாரிடமும் கெஞ்சுகிற விஷயம் இல்லை. மருத்துவர்களின் நடத்தை பற்றி இந்திய மருத்துவக் கவுன்சில் 2002-ல் போட்ட விதிமுறைகளிலேயே இருக்கிறது: நோயாளியோ அவர் அனுமதி பெற்றவரோ ஆவணங்களைக் கேட்டால் கேட்டதற்கு ஒப்புகை தர வேண்டும், 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும். உள்நோயாளி ஆவணங்களைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 வருஷம் வைத்திருக்கவும் வேண்டும். மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவில் நான் போய் நின்றபோது, "அதான் சம்மரி கொடுத்தாச்சே மேடம், அப்புறம் என்ன?" என்றார்கள். வாய்ப்பேச்சு வேண்டாம், கடிதமாகக் கொடு என்று சித்தப்பா சொல்லி அனுப்பியிருந்தார். அத்தையின் கையெழுத்தோடு, ஐ.பி. நம்பர் (உள்நோயாளி எண்) போட்டு, வேண்டியதை எல்லாம் பெயர் சொல்லிக் கேட்டிருந்தோம்: அட்மிஷன் குறிப்பு, சம்மதப் படிவம், ஆபரேஷன் குறிப்பு, மயக்க மருந்து சார்ட், நர்ஸ் குறிப்புகள், மருந்து சார்ட், லேப் ரிப்போர்ட்டுகள், ஸ்கேன் படங்கள், பில். இரண்டாவது பிரதியில் தேதியோடு சீல் வாங்கிக்கொண்டேன். சீல் போட மறுத்தால் அதே கடிதத்தை ஒப்புகை வரும்படி தபாலில் அனுப்பலாம், மெயிலும் போடலாம். ஒவ்வொரு பக்கத்துக்கும் நம்பர் போட்டுத் தரச் சொல்லுங்கள். பின்னால் ஒரு பக்கம் கூடினாலும் குறைந்தாலும் காட்டிக்கொடுக்கும்.

டாக்டர்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வருவார்கள் என்பது 1995-ல் வி.பி. சாந்தா வழக்கிலேயே முடிந்துபோன விஷயம். பில்லை இன்ஷூரன்ஸ் கட்டியிருந்தாலும் நீங்கள் நுகர்வோர்தான். எந்த நுகர்வோர் ஆணையத்தில் புகார் போடுவது என்பது நீங்கள் கேட்கும் இழப்பீட்டைப் பொறுத்ததல்ல, சிகிச்சைக்குக் கட்டிய தொகையைப் பொறுத்தது. அது 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம், 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமே கிடையாது. ஆனால் 2 வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும். இந்த 2 வருஷத்தைச் சமாதானப் பேச்சிலேயே கழிக்க வைத்துவிடுவார்கள், ஜாக்கிரதை.

நம் ஊர் வழக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். 1996-ல் எழும்பூர் அரசு மருத்துவமனையில் குறைமாதத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அப்படிப் பிறக்கிற குழந்தைகளுக்குச் சில வாரங்களுக்குள் விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும். பரிசோதிக்கவும் இல்லை, பரிசோதிக்கச் சொல்லிப் பெற்றோருக்குச் சொல்லவும் இல்லை, குழந்தைக்குப் பார்வை போய்விட்டது. 2015-ல் உச்ச நீதிமன்றம் சுமார் 1.8 கோடி ரூபாய் தரச் சொன்னது. அப்போது அந்தப் பெண்ணுக்கு 18 வயது. தொகையைவிட அந்த வருஷக்கணக்குதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. (எல்லா அரசு மருத்துவமனைக்கும் நுகர்வோர் சட்டம் பொருந்தாது. எல்லோருக்கும் முழுக்க இலவசமாகப் பார்க்கிற இடங்களை 1995 தீர்ப்பே விலக்கி வைத்திருக்கிறது, அங்கே உயர் நீதிமன்றத்தில் போடுகிற ரிட் மனு மாதிரி வேறு வழி உண்டா என்று வக்கீலிடம் கேளுங்கள்.)

போலீஸுக்குப் போவதை நான் வேண்டாம் என்றேன், மாமா ஒரு வாரம் என்னிடம் பேசவில்லை. கிரிமினல் வழக்கு நிற்க மிக மோசமான அலட்சியம் என்று காட்ட வேண்டும், நடவடிக்கைக்கு முன் போலீஸ் வேறொரு மருத்துவரின் கருத்தையும் வாங்க வேண்டும். டாக்டர் ஜெயிலுக்குப் போனாலும் அத்தையின் மருத்துவச் செலவுக்கு அதிலிருந்து எதுவும் வராது. அரும்பாக்கத்தில் இருக்கிற தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுத்திருக்கிறோம், அவர்கள் டாக்டரின் பதிவின் மேல் நடவடிக்கை எடுக்கலாம், இழப்பீடு தர மாட்டார்கள்.

நிஜமான கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. ஃபைலைப் பார்த்த டாக்டர்கள் எல்லோரும் அந்த நர்ஸ் பக்கத்தில் விரல் வைத்து, "இங்கேயே ஸ்கேன் எடுத்திருக்கணும்மா" என்றார்கள். எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீர்களா என்றால் ஃபைல் மூடிக்கொள்ளும். அவர்களைத் திட்ட மனம் வரவில்லை, ஒரே ஊரில் ஒரே சங்கத்தில் இருக்கிறவர்கள். வெளிப்படையாகத் தெரிகிற தப்புக்கு நிபுணர் கருத்து கட்டாயம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2010-ல் சொல்லியிருந்தாலும், எங்கள் மாதிரி வழக்குக்கு அது இல்லாமல் போவது ஆபத்து என்றார் வக்கீல். கடைசியில் அரசு மருத்துவக் கல்லூரியில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு சர்ஜன் சம்மதித்தார். காயத்துக்கு நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன், தாமதத்துக்கு மட்டும் சொல்வேன் என்று முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார். எங்களுக்கும் அதுதான் வேண்டும் என்றோம். ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறார், அதை அஃபிடவிட்டாக (பிரமாணப் பத்திரமாக) தாக்கல் செய்துவிட்டோம். அடுத்த வாய்தாவில் எதிர்த்தரப்பு அவருக்கு எழுத்தில் கேள்விகள் கொடுக்கிறது.