ஒவ்வொரு குரலாக

நமது கல்லூரிச் சிற்றாலயப் பாடகர் குழுவில் இருந்தவர்களுக்கு இசை படிப்பித்த சேர் பாட்டுப் பழக்கிய விதம் மறந்திருக்காது. நாலு பகுதியையும் சேர்த்துப் பாட இலேசில் விடமாட்டார். மேல்குரலான சோப்ரானோ பாடும் சின்ன வகுப்புப் பெடியள் தனியே, அதற்குக் கீழான ஆல்டோ தனியே, அப்புறம் நாங்கள், அதற்கும் கீழான தெனர், தனியே. ஒவ்வொரு பகுதியும் தனிப்பாட்டாகவே நிற்கவேண்டும். நாங்கள் அலுத்துக்கொண்டால், "ஜேர்மனியிலை கண் தெரியாத ஒரு மனிசன் பாக் எழுதினதை எல்லாம் இப்படித்தான் பாடமாக்கினவர். உங்களுக்கு ஒரு பாட்டு ஏலாதோ?" என்று கேட்பார்.

பாக் பெயர்பெற்ற ஜேர்மன் இசையமைப்பாளர். சேர் சொன்ன மனிதர், குழாய்களில் காற்றை விட்டு ஒலிக்கும் தேவாலயக் கருவியான ஓர்கனின் கலைஞர் ஹெல்முட் வால்ஹா. சேரிடம் அவருடைய இசைத்தட்டு ஒன்று இருந்தது. படமே இல்லாத, எழுத்து மட்டும் உள்ள உறை. பயிற்சி முடிந்தபின் சில நாட்களில் போட்டுக் காட்டுவார். அந்த வயதில் எனக்கு அது பெரிய சத்தமாக மட்டுமே கேட்டது.

பிராங்பேர்ட்டில் வந்து குடியேறிய பின்புதான் அவருடைய வாழ்க்கையைத் தேடி அறிந்தேன். 1907இல் லைப்சிக் நகரில் பிறந்தவர். பெரியம்மைத் தடுப்பூசியின் விளைவாகப் பார்வை கெட்டு, 19 வயதில் முழுவதுமாகப் போய்விட்டது. பாக் பணியாற்றிய அதே தோமையார் தேவாலயத்தில் தன் ஆசிரியர் குந்தர் ராமினுக்கு உதவியாளராக இருந்து, 1929இல் பிராங்பேர்ட்டுக்கு வந்தார். 1946 முதல் மைன் ஆற்றின் தென்கரையில் உள்ள மூவரசர் தேவாலயத்தில் ஓர்கன் வாசித்தார். நான் இங்கே வந்தபோது அவர் மேடையை விட்டிருந்தார். 1981இல் கடைசிக் கச்சேரி, 1991இல் மறைவு.

அவர் பாடமாக்கிய முறை சேர் சொன்னபடியேதான். முதலில் தாயார், பின்னர் மனைவி, ஒரு குரலை, அதாவது இசையின் ஒரு பகுதியை, மட்டும் வாசித்துக் காட்டுவார்கள். அது மனதில் பதிந்தபின் அடுத்த குரல். எல்லாவற்றையும் தனக்குள்ளேயே சேர்த்துக்கொண்டுதான் ஓர்கனில் உட்காருவார். நாற்பது வயதளவில் பாக்கின் ஓர்கன் இசை முழுவதும் அவர் நினைவில் இருந்தது.

இது எவ்வளவு பெரிய காரியம் என்பது ஓர்கனைத் தெரிந்தால்தான் விளங்கும். பியானோவில் ஒரு குரலை ஓங்கி அழுத்தி எடுத்துக்காட்டலாம். ஓர்கனில் எப்படி அழுத்தினாலும் குழாய்க்குள் போகும் காற்று ஒன்றுதான், ஒலியும் ஒரே அளவுதான். எந்தக் குழாய் வரிசையைத் திறப்பது, விரலை எப்போது எடுப்பது, இரண்டு சுரங்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி விடுவது என்பதில்தான் தெளிவு பிறக்கிறது. ஒரே மெட்டோடு குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக நுழையும் இசைவடிவம் ஃபியூக். வால்ஹா வாசிக்கும் ஃபியூக்கில் நாலாவது குரல் உள்ளே வரும்போதும் முதல் மூன்றும் மங்குவதில்லை. அவரை வறட்சியானவர், கண்டிப்பானவர் என்று சொல்வோர் உண்டு. நான் ஒப்பமாட்டேன். ஒவ்வொரு குரலையும் தனியே நேசித்த ஒருவரால்தான் அப்படி வாசிக்கமுடியும்.

பாக்கின் ஓர்கன் இசையை அவர் இரண்டு தடவை பதிந்தார். போர் முடிந்து இரண்டே வருடத்தில், 1947 ஓகஸ்டில், லூபெக் நகரின் யாக்கோபு தேவாலயத்தில் முதல் பதிவு. ஆர்கிவ் என்ற இசைத்தட்டு வரிசையே அதோடுதான் தொடங்கியது. பிறகு 1952 வரை காப்பல் என்ற சின்னக் கிராமத்தில். அங்குள்ள ஓர்கன் 1680இல் ஆர்ப் ஷ்னிட்கர் ஹம்பேர்க்கில் செய்தது. 1816இல் கிராமத்துக்குப் போனது. ஸ்டீரியோ ஒலிப்பதிவு வந்ததும், 1956இல் ஒல்லாந்தின் ஆல்க்மார் தேவாலயத்தில் மறுபடி தொடங்கி, 1971இல் ஸ்ட்ராஸ்பூர்க்கில் சில்பர்மான் என்பவர் செய்த ஓர்கனில் முடித்தார். ஸ்டீரியோதான் பலருக்கும் பிடித்தது. எனக்குக் காப்பல். கிராமத்துக் கோயில் என்பதால் எதிரொலி குறைவு, ஒவ்வொரு சுரமும் முகத்துக்கு முன்னால் நிற்கிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். பெரிய வெள்ளிக்கிழமை நாம் தமிழில் பாடுகிற பாமாலை மெட்டு ஒன்றில் பாக் ஒரு சின்ன ஓர்கன் துண்டு எழுதியிருக்கிறார். இங்கே ஓர் ஆராதனையில் அதைக் கேட்டபோது என்னையறியாமல் தெனர் பகுதியை முணுமுணுத்தேன். தரங்கம்பாடியிலும் சென்னையிலும் ஊழியம் செய்த ஜேர்மன் மிஷனரி பப்ரிசியுஸ் போன்றவர்கள் ஜேர்மன் பாட்டுகளைத் தமிழாக்கித் தந்ததால் வந்த சொத்து அது.

பாடகர் குழுவில் இருந்தவர்கள் கேட்கத் தொடங்குவதென்றால் ஆல்க்மாரில் பதிந்த ஆறு டிரையோ சொனாட்டாக்களில் தொடங்குங்கள். வலக்கைக்கு ஒரு குரல், இடக்கைக்கு ஒரு குரல், காலால் மிதிக்கும் கட்டைகளுக்கு ஒரு குரல். முதல் தடவை கால் வாசிக்கும் குரலை மட்டும் கேளுங்கள். சேர் இருந்தால் அப்படித்தான் கேட்கவைத்திருப்பார்.